மறதி யாருடைய குற்றம்? கடவுச்சொற் பெட்டகத்தின் வரலாறும் தெரிவும் பற்றிய ஒரு நோக்கு

அன்றாட வாழ்விற் கையாளப்படும் கருவிகளுட் சில, அவற்றின் பயன்பாடு பரவலாகிவிட்ட காரணத்தினாலேயே ஆய்வாளர் கவனத்தைப் பெறாது போய்விடுகின்றன. கடவுச்சொல் அத்தகைய ஒன்றாகும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், பல்கலைக்கழகப் பதிவு, மின்கட்டணம், கடவுச்சீட்டு விண்ணப்பம் ஆகிய ஒவ்வொன்றின் வாயிலிலும் இன்று ஒரு சொல் கேட்கப்படுகின்றது. அச்சொல்லை மறந்தவர் தம்மையே நொந்துகொள்கின்றார். அதனை ஒரு கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வைத்தவர், ஏதோ தவறு செய்தவர்போல அத்தாளை மறைக்கின்றார். இம்மறதியும் இக்கூச்சமும் தனியாளின் குறைபாடுகளா, அன்றி வரலாற்று வழியாக அவர்மீது சுமத்தப்பட்ட ஒரு பாரத்தின் விளைவுகளா என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாவை முன்வைத்து, 'பாஸ்வேர்ட் மனேஜர்' என வழங்கும் மென்பொருளின் தோற்றத்தை ஆராய்வதும், அதனைத் தெரிவுசெய்வதிலும் அதற்குப் பழகிக்கொள்வதிலும் மனங்கொள்ள வேண்டியவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். அம்மென்பொருளை நாம் இங்கு 'கடவுச்சொற் பெட்டகம்' எனக் குறிப்பிடுகின்றோம். நிறுவனங்கள் ஏற்க வேண்டிய பாதுகாப்புச் சுமை படிப்படியாகத் தனியாளின் நினைவாற்றல்மீது இறக்கப்பட்டதன் விளைவாகவே பெட்டகம் தோன்றியது என்பதும், ஆகவே பெட்டகத்தைத் தெரிவுசெய்யும்போது கேட்கப்படவேண்டிய முதல் வினா திறவுகோல் யாருடைய உடைமை என்பதே என்பதும் எமது கருத்தாகும்.

குழுவின் சொல்லும் தனியாளின் சொல்லும்

வாயிலிற் சொல் கேட்கும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியரான பொலிபியஸ், உரோமப் படைமுகாமில் இரவுச் சொல் வழங்கப்பட்ட முறையை விரித்து எழுதியுள்ளார். சொல் எழுதப்பட்ட சிறு மரப்பலகை படை அதிகாரியிடமிருந்து பெறப்பட்டு, அணிக்கு அணி சாட்சிகளின் முன்னிலையிற் கைமாறி, இருள் சூழுமுன் மீண்டும் அதே அதிகாரியிடம் வந்து சேரவேண்டும். ஒரு பலகை திரும்பாவிடின், வந்து சேர்ந்த பலகைகளின் குறிகளைக் கொண்டு அது எப்பகுதியில் நின்றதென உடனே விசாரிக்கப்படும்.

இம்முறையில் மூன்று பண்புகள் அவதானிக்கத்தக்கன. சொல் ஒரு குழுவுக்கு உரியதாயிருந்தது. அதன் ஆயுள் ஓரிரவு மாத்திரமே. மேலும், சொல் எங்கே நிற்கின்றது, யாரிடம் தவறியது என்பனவற்றைக் கண்டறியும் பொறுப்பை முகாமே ஏற்றிருந்தது. அடிமை உழைப்பின்மீது எழுந்த ஓர் ஆதிக்க அரசின் படைமுகாமை நாம் முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. எனினும், ஒரு சொல்லின் பாதுகாப்பு அதனை வழங்கிய நிறுவனத்தின் கடமையாகக் கருதப்பட்ட ஒரு காலம் இருந்தது என்பது பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

கணினியின் தொடக்க காலத்திற் கடவுச்சொல்லுக்குத் தேவை எழவில்லை. ஒரு வேளையில் ஒருவரது வேலையையே பொறி செய்தது. ஏனையோர் துளையட்டைகளை ஒப்படைத்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தனர். 1961 நவம்பரில், ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், பெர்னான்டோ கோர்பாட்டோவின் தலைமையில் உருவாக்கப்பட்ட நேரப்பகிர்வு முறைமை காட்சிப்படுத்தப்பட்டது. பலர் ஒரே வேளையில் ஒரு பொறியைப் பயன்படுத்தவும், தத்தம் கோப்புகளை அதிலேயே வைத்திருக்கவும் அது வழிசெய்தது. பொதுப் பொறியொன்றினுள் தனியுடைமைக்கான எல்லைகள் வகுக்கப்பட வேண்டியதாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் என்னும் ஏற்பாடு இச்சூழலிலேயே கணினியிற் புகுந்தது. குழுவின் சொல் தனியாளின் சொல்லாக மாறிய திருப்புமுனை இதுவெனலாம்.

பூட்டு உடைந்த இடம்

அப்பூட்டு விரைவிலேயே உடைந்தது. அது எங்கே உடைந்தது என்பதே இங்கு முக்கியமானது. 1962ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அதே நிறுவகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த அலன் ஷேர் என்பவருக்குக் கணினியில் வாரமொன்றுக்கு நான்கு மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அது அவரது ஆய்வுக்குப் போதவில்லை. கோப்புகளை அச்சிடுமாறு துளையட்டை மூலம் கோரும் வசதி இருந்தமையால், கடவுச்சொற்கள் யாவும் அடங்கிய கோப்பையே அச்சிடுமாறு அவர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கோரிக்கையிட்டு, மறுநாட் காலையில் அதனைப் பெற்றுக்கொண்டார். பல்லாண்டுகளின் பின்னரே அவர் இதனை வெளிப்படுத்தினார். அருந்தலான ஒரு வளத்தின் பங்கீட்டைக் காக்கவே வேலி அமைக்கப்பட்டது. பங்கு போதாதவரே அதனைத் தாண்டினார்.

1966ஆம் ஆண்டு நிகழ்ந்த மற்றொரு விபத்தும் குறிப்பிடத்தக்கது. பயனாளர் உட்புகும்போது காட்டப்படும் அன்றாட அறிவித்தலும் கடவுச்சொற் கோப்பும் ஒரே நேரத்தில் இருவராற் திருத்தப்பட, அவ்விரண்டும் இடம்மாறிவிட்டன. அதனால், அன்று உட்புகுந்த ஒவ்வொருவரின் முன்னும் அனைவரது கடவுச்சொற்களும் அச்சாகத் தொடங்கின. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எவரும் தமது சொல்லை மறக்கவில்லை. எவரும் எளிதான சொல்லைத் தெரிந்தமையால் தீங்கு விளையவில்லை. சொற்கள் யாவும் உள்ளவாறே ஒரே கோப்பிற் குவித்து வைக்கப்பட்டிருந்தமையே தவறாகும். அத்தவறு நிறுவனத்தினுடையது.

இத்தவறுக்கான பரிகாரமும் நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே முதலில் வந்தது. 1960களின் பிற்பகுதியில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் றோஜர் நீடமும் அவருடன் பணிபுரிந்தோரும், கடவுச்சொல்லை உள்ளவாறு வைக்காது, ஒருவழிச் சார்பொன்றினால் மாற்றப்பட்ட வடிவத்தை மாத்திரம் வைத்திருக்கும் முறையைக் கையாண்டனர். மாற்றப்பட்ட வடிவத்திலிருந்து மூலச் சொல்லை நேராக மீட்க இயலாது; ஊகித்த சொற்களை ஒவ்வொன்றாக அதே சார்பினால் மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தல் ஒன்றே வழி. 1979ஆம் ஆண்டு, யுனிக்ஸ் முறைமை பற்றி றொபேர்ட் மொறிஸும் கென் தொம்ப்சனும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இம்முறையை மேலும் வளர்த்தது. ஊகித்தலைத் தாமதப்படுத்துவதற்காகக் கணிப்பைப் பலமுறை நிகழ்த்துதல், ஒரே சொல்லைத் தெரிந்த இருவருக்கும் வெவ்வேறு பதிவுகள் அமையுமாறு ஓர் எழுமாற்று எண்ணைச் சேர்த்தல் ஆகிய இரண்டையும் அவர்கள் விளக்கினர்.

ஆனால் அக்கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. பயனாளரிடமிருந்து திரட்டப்பட்ட 3,289 கடவுச்சொற்களுள் 2,831, அதாவது 86 சதவீதமானவை, மிகக் குறுகியனவாக அல்லது அகராதியிலும் பெயர்ப்பட்டியல்களிலும் காணப்படுவனவாக இருந்தன. கட்டுரையின் பரிகாரங்களிற் பெரும்பாலானவை முறைமையைத் திருத்துவனவாயிருப்பினும், பிற்காலத்தார் மனத்தில் ஆழப் பதிந்தது இந்த 86 என்ற எண்ணே எனத் தோன்றுகின்றது. இதற்குப் பின்னர், கவனக்குறைவான பயனாளர் என்ற பாத்திரம் பாதுகாப்பு இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. 1988 நவம்பர் 2ஆந் திகதி இணையத்திற் பரவிய புழு நிரல் 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொண்டு கடவுச்சொற்களை ஊகித்தது. அதனை இயற்றியவர் மேற்குறித்த மொறிஸின் மகனே ஆவார். அப்புழு அஞ்சல் நிரல் முதலியவற்றிலிருந்த குறைபாடுகளையும் பயன்படுத்தியே பரவியது என்பதும் மறக்கற்பாலதன்று.

விதிகளின் காலம்

1985ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் கடவுச்சொல் முகாமைத்துவம் பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இராணுவச் சூழலுக்கென எழுதப்பட்ட அவ்வழிகாட்டியின் மனப்பாங்கு, காலப்போக்கிற் பொதுவாழ்வினுள்ளும் புகுந்தது. நினைவில் வைத்திரு, எழுதாதே, காலந்தோறும் மாற்று என்ற கட்டளைகள் அலுவலகந்தோறும் ஒலித்தன. 2000களின் முற்பகுதியில் அமெரிக்கத் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகத்தின் வழிகாட்டியைத் தயாரித்த பில் பேர், பெரிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றின் கலப்பையும் குறித்த காலத்தில் மாற்றுதலையும் பரிந்துரைத்தார். உலகெங்குமுள்ள நிறுவனங்கள் அதனைப் பின்பற்றின. மெய்யான கடவுச்சொற்களை ஆராயத் தமக்கு வாய்ப்புக் கிட்டாமையால் 1980களில் எழுதப்பட்ட ஆவணமொன்றையே பெரிதும் நம்பியதாகவும், தாம் எழுதியவற்றிற் பலவற்றுக்காக வருந்துவதாகவும் அவர் 2017இற் கூறினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற முதுமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

இக்காலத்தில் மாற்றுக் குரல்கள் எழாமலில்லை. 1999ஆம் ஆண்டு, இலண்டன் யுனிவர்சிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த ஆன் அடம்ஸும் அஞ்சலா சாஸ்ஸும் வெளியிட்ட ஆய்வு, பயனாளர் பகைவரல்லர் என்பதையே தலைப்பாகக் கொண்டிருந்தது. பல கடவுச்சொற்களை நினைவிற் கொள்ளுமாறும் அவற்றை அடிக்கடி மாற்றுமாறும் வற்புறுத்தப்படுவோரே அவற்றை எழுதி வைக்கின்றனர் என்பதும், அவர்களது வேலையின் தன்மையை நோக்காது விதிகள் வகுக்கப்படுகின்றன என்பதும் அதன் முடிபுகளாகும். 2007இல் மைக்ரோசொப்ற் ஆய்வாளரான டினெய் புளோரென்சியோவும் கோர்மக் ஹேர்லியும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பயனாளரின் பழக்கங்களை மூன்று மாத காலம் ஆராய்ந்தனர். சராசரிப் பயனாளர் ஒருவருக்குக் கடவுச்சொல் தேவைப்படும் கணக்குகள் 25 இருந்தன. அவர் கையாண்ட கடவுச்சொற்களோ 6.5 மாத்திரமே. ஒரே திறவுகோல் நாலு வீட்டுக் கதவுகளைத் திறந்தது.

இதன் ஆபத்து 2009 டிசம்பரிற் பளிச்செனப் புலப்பட்டது. ரொக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. 1960களில் நீடம் காட்டிய வழியைக்கூடப் பின்பற்றாது அந்நிறுவனம் அவற்றை உள்ளவாறே வைத்திருந்தது. அக்களவின் பின்னர் எழுந்த பேச்சில், ஆகக் கூடுதலானோர் '123456' என்பதைத் தெரிந்திருந்தனர் என்ற செய்தியே நகைப்புடன் பேசப்பட்டது. ஆயினும், ஓரிடத்திற் களவுபோன சொல் வேறிடத்துக் கதவையும் திறக்குமாயின், மிகக் கடினமான சொல்லைத் தெரிந்தவரும் தப்பவியலாது. பயனாளர் பாதுகாப்பு அறிவுரைகளைப் புறக்கணிப்பது அறியாமையினால் அன்று; அறிவுரையைக் கடைப்பிடிப்பதற்கான உழைப்பை அவர் செலுத்த, அதன் பயன் பெரிதும் வேறிடத்தைச் சென்றடைகின்றது என்பதனால் அது பகுத்தறிவுக்கு ஏற்ற செயலே என ஹேர்லி அதே 2009ஆம் ஆண்டில் வாதிட்டார். பொருளியல் மொழியிற் சொன்னால், நிறுவனத்தின் செலவு கூலியற்ற உழைப்பாகப் பயனாளர் தலையிற் சுமத்தப்பட்டது.

2017இல் மேற்படி நியமங்கள் நிறுவகமே தனது வழிகாட்டியைத் திருத்தியது. காரணமின்றிக் காலந்தோறும் மாற்றுமாறு வற்புறுத்தலாகாது, எழுத்துக் கலப்பு விதிகளைத் திணிக்கலாகாது, பெட்டகத்திலிருந்து சொல்லை ஒட்டுவதற்கு இடமளிக்க வேண்டும் என அது கூறியது. ஆயினும் பழைய விதிகள் இன்றும் பல இணையவாயில்களிற் கோலோச்சுகின்றன. ஒரு விதி அதன் ஆதாரம் வீழ்ந்த பின்னரும் நிலைத்திருப்பது, அதனைச் சுமப்பவர் விதியை வகுப்பவராக இல்லாதபோது வழக்கமாக நிகழ்வதே.

பெட்டகத்தின் தோற்றம்

கணக்குகள் பெருக, நினைவு பெருகவில்லை. இம்முரண்பாட்டின் விளைவாகவே பெட்டகம் தோன்றியது. அதன் இயக்கத் தத்துவம் எளியது. பயனாளர் ஒரேயொரு தலைமைத் தொடரை மாத்திரம் நினைவிற் கொள்கின்றார். அத்தொடர், வேண்டுமென்றே தாமதப்படுத்தப்பட்ட பல்லாயிரம் கணிப்புகளின் வழியாக ஒரு மறைகுறித் திறவுகோலாக மாற்றப்படுகின்றது. ஏனைய கடவுச்சொற்கள் யாவும் அத்திறவுகோலினால் மறைகுறியாக்கப்பட்ட ஒரு கோப்பில் இருக்கும். அவற்றைப் பெட்டகமே எழுமாற்றாக ஆக்கித்தருவதால், ஒன்று மற்றொன்றைப் போலிராது. எவரும் அவற்றை மனனஞ் செய்ய வேண்டியதுமில்லை.

1997இல் மறைகுறியியலாளரான புறூஸ் ஷ்னையர் உருவாக்கிய 'பாஸ்வேர்ட் சேஃப்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அது பின்னர் மூலநிரல் திறந்த மென்பொருளாக வளர்க்கப்பட்டது. 2003இல் ஜேர்மனியரான டொமினிக் றைக்கல் 'கீபாஸ்' என்பதை வெளியிட்டார். இவ்விரண்டிலும் கோப்பு பயனாளரின் கணினியிலேயே இருந்தது. எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பல கருவிகளைக் கையாளத் தொடங்கியபோது, அக்கோப்பை எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுசெல்லும் தேவை எழுந்தது. 2008இல் தோன்றிய 'லாஸ்ற்பாஸ்' போன்றவை கோப்பை நிறுவனத்தின் கணினிகளில் வைத்து அத்தேவையை நிறைவேற்றின. 2016இல் வெளிவந்த 'பிற்வோடன்', அத்தகைய வசதியைத் திறந்த மூலநிரலுடன் வழங்கியது. குரோம், ஃபயர்பொக்ஸ், சஃபாரி முதலிய உலாவிகளும் தத்தமக்கெனப் பெட்டகங்களை அமைத்துக்கொண்டன. கைப்பணியாளரின் கருவியாகத் தோன்றிய ஒன்று, இரண்டு தசாப்தங்களுக்குள் சந்தாப் பண்டமாகவும் பெருநிறுவனங்களின் வாடிக்கையாளர் பிணைப்பாகவும் மாறியது.

எழுதி வைத்தல் பற்றிய மனப்பாங்கும் மாறிற்று. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுமாறு 2005இல் ஷ்னையரே அறிவுரை கூறினார். சிறு தாள்களைக் காப்பதில் மக்கள் நெடுநாட் பழக்கமுடையவர் என்பது அவரது காரணம். கணினிக்குக் கடவுச்சொல்லைக் கொணர்ந்த கோர்பாட்டோவும், தமது கடவுச்சொற்களைத் தட்டச்சுத் தாள்களிற் குறித்து வைத்திருந்ததை 2014இல் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். கொப்பியின் கடைசித் தாளை மறைப்பவர் தனித்தவரல்லர்.

2022ஆம் ஆண்டின் படிப்பினை

2022 ஆகஸ்டில் லாஸ்ற்பாஸ் நிறுவனத்தின் மென்பொருள் ஆக்கச் சூழலுக்குள் அந்நியர் புகுந்தனர். அங்கு பெற்ற தகவல்களைக் கொண்டு, பயனாளரின் பெட்டகப் பிரதிகளையே அவர்கள் கவர்ந்துவிட்டனர் என்பது அவ்வாண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டிருந்தன, எந்தெந்த வலைத்தளங்களுக்கு உரியவை என்ற முகவரிகளோ மறைக்கப்படவில்லை. ஒருவரது வங்கி எது, அவர் நாடும் மருத்துவ நிலையம் எது என்பனவற்றை அம்முகவரிகளே கூறிவிடும். மேலும், நீண்டகாலப் பயனாளர் சிலரது கணக்குகளில், ஊகித்தலைத் தாமதப்படுத்தும் கணிப்புகளின் தொகை, பின்னர் புதியவர்களுக்கு வகுக்கப்பட்ட அளவுக்கு உயர்த்தப்படாமலேயே விடப்பட்டிருந்தது.

இந்நிகழ்வைக் கொண்டு பெட்டகமே வேண்டாமென முடிவுசெய்தல் பொருந்தாது. எழுமாற்றான, நீண்ட தலைமைத் தொடரை உடையவர்களின் சொற்கள் கோப்புக் களவுபோன பின்னரும் மறைந்தே இருக்கும். ஒரே சொல்லைப் பல இடங்களிற் கையாள்பவருக்கோ அத்தகைய இரண்டாவது அரண் எதுவுமில்லை. எனினும், 1962இலும் 2009இலும் கண்ட அதே கோலம் இங்கும் தென்படுகின்றது: குவித்து வைத்தது நிறுவனம், மாற்றுவதற்கான உழைப்பு பயனாளருடையது. அவ்வாண்டு இறுதியில் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்தவர்கள் இதனை நன்கு அறிவர்.

தெரிவு பற்றி

மேற்கண்ட வரலாற்றின் அடிப்படையில், பெட்டகமொன்றைத் தெரிவுசெய்வதற்கு நான்கு வினாக்களை முன்வைக்கலாம். முதலாவது, கோப்பு எங்கே இருக்கின்றது, நிறுவனம் நினைத்தால் அதனைத் திறக்க இயலுமா என்பது. தலைமைத் தொடர் பயனாளரின் கருவியை விட்டு வெளியேறாத அமைப்பே ஏற்கத்தக்கது. இரண்டாவது, மூலநிரல் பிறர் ஆராயத்தக்கதாக உள்ளதா என்பது. முறைமை பகைவர் கைப்படினும் திறவுகோல் ஒன்றே இரகசியமாயிருந்தாற் போதும் என 1883இல் ஒகுஸ்ற் கேர்க்கோஃப்ஸ் இராணுவ மறைகுறியியல் பற்றி வகுத்த கோட்பாடு இங்கும் பொருந்தும்.

மூன்றாவது வினா, வெளியேறும் வழி உண்டா என்பது. சொற்கள் யாவற்றையும் வேறொரு பெட்டகத்துக்கு மாற்றத்தக்க வடிவில் எடுத்துச்செல்ல இயலாவிடின், அது பெட்டகமன்று, சிறை. இவ்வினா எமது நாட்டுச் சூழலில் தனி அழுத்தம் பெறுகின்றது. 2022இல் அமெரிக்க டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. டொலரிற் சந்தா செலுத்துபவர், தமது சொந்தக் கதவைத் திறப்பதற்குச் சில வாரங்களுள் ஏறத்தாழ இருமடங்கு செலுத்த வேண்டியவரானார். இலவசமாக வழங்கப்படுவதும் என்றும் அவ்வாறே இருக்குமென்பதில்லை. லாஸ்ற்பாஸ் 2021இல் தனது இலவசச் சேவையை, கணினி அல்லது கைப்பேசி என்ற ஒருவகைக் கருவிக்கு மட்டுப்படுத்தியது. கோப்பைத் தாமே வைத்திருக்கும் கீபாஸ் வகையும், மூலநிரல் திறந்த ஏனையவும் இவ்வகையிற் கூடிய சுதந்திரம் தருவன. ஆனால் பிரதியெடுத்து வைக்கும் பொறுப்பும் அச்சுதந்திரத்துடனேயே வருகின்றது.

நான்காவது, தலைமைத் தொடர் மறந்துபோனால் அல்லது உரியவர் இறந்துபோனால் என்ன நிகழும் என்பது. நிறுவனமே திறக்க இயலாத பெட்டகத்தை உரியவரின் குடும்பத்தவரும் திறக்கவியலாது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் பெற்றோரின் கணக்குகளையும் தூரத்திலிருந்தே நடத்தும் குடும்பங்களில் இது வெறுங் கற்பனை வினாவன்று. தலைமைத் தொடரைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டின் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் உள்ள இடத்தில் வைத்தலே எளியதும் நம்பகமானதுமான வழியாகும். ஆனால் அந்த உறை யாருடைய கையில் இருக்கின்றது என்பதும் சிந்திக்கற்பாலது. மனைவியின் கணக்குகளின் சொற்கள் கணவனது கைப்பேசியில் மாத்திரமே இருக்கும் குடும்பத்தில், பெட்டகம் பாதுகாப்பின் பெயரால் ஆதிக்கத்தையே பேணும்.

தலைமைத் தொடரை ஆக்குவதற்கு 1995இல் ஆர்னல்ட் றைன்ஹோல்ட் முன்வைத்த முறை இன்றும் சிறந்தது. ஐந்து முறை தாயக்கட்டை உருட்டிப் பெறும் எண்ணுக்கு, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். அவ்வாறு ஆறு சொற்களைத் தொடுக்க வேண்டும். அதன் வலிமை சொற்களின் அருமையிலன்று, தெரிவு எழுமாற்றாக அமைவதிலேயே தங்கியுள்ளது. ஆகவே விருப்பமான செய்யுளடியோ பிள்ளையின் பெயரோ இதற்கு ஈடாகாது. தமிழ்ச் சொற்களைக் கொண்டும் இத்தகைய பட்டியலை அமைக்கலாம். ஆனால் யுனிகோட் நியமத்தில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் இரு குறிகளின் சேர்க்கையாகவும் பதிய இயலும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுபவை பொறிக்கு இரண்டாகிவிடக்கூடும். எனவே ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வாராத சொற்களைத் தெரிதல் அல்லது ஒரே ஒழுங்கில் உரோம எழுத்துக்களில் எழுதுதல் நன்று. உலகின் பூட்டுகள் பெரும்பாலும் பிறர் எழுத்தை மனங்கொண்டே செய்யப்பட்டன என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பழக்கம் பற்றி

தெரிவினும் பழக்கமே கடினமானது. 2006இல் கனடாவில் சோனியா சியாசனும் பிறரும் இருவகைப் பெட்டகக் கருவிகளை 26 பேரிடம் கொடுத்துப் பரிசோதித்தனர். கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பது பற்றிய பிழையான விளக்கமே பலரது தடுமாற்றத்துக்குக் காரணமாயிருந்தது. தமது சொற்கள் தமது கட்டுப்பாட்டை விட்டு நீங்குவதாக உணர்ந்து சிலர் தயங்கினர். இத்தயக்கத்தை அறியாமையென ஒதுக்குதல் தகாது. சொந்தக் கடவுச்சொல்லைத் தாமே அறியாதிருத்தல் என்பது, வீட்டுச் சாவியைக் கண்ணாற் காணாமலே வீட்டினுள் புகுவதைப் போன்ற ஒன்றே.

ஆகவே ஒரே நாளில் யாவற்றையும் மாற்ற முனைவது தோல்வியிலேயே முடியும். முதலில் மின்னஞ்சற் கணக்கை மாற்றுதல் வேண்டும். ஏனைய கணக்குகளின் சொற்களை மீளப்பெறும் வழி பெரும்பாலும் அதனூடாகவே செல்வதால் அதுவே தலைவாயில். அதன் பின் வங்கி. ஏனையவற்றை, அவ்வவ் வாயிலை அடுத்த முறை திறக்க நேரும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முதல் வாரங்களில் தலைமைத் தொடரை நாடோறும் முழுமையாகத் தட்டச்சிடுதல் நன்று. விரல்ரேகையாற் திறக்கும் வசதியை உடனே நாடுபவர் தொடரை மறந்துவிடக்கூடும். பெட்டகம் ஓரிடத்திற் சொல்லை நிரப்ப மறுக்குமாயின் எரிச்சலடையாது நின்று நோக்க வேண்டும். வங்கியின் வடிவில் அமைந்த போலித் தளம் மனிதக் கண்ணை ஏமாற்றலாம். முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் பெட்டகத்தை ஏமாற்றுதல் அரிது. அம்மறுப்பை எச்சரிக்கையாக வாசிக்கக் கற்பதே பழக்கத்தின் நிறைவெனலாம்.

தனியாளுக்கு அப்பாற் குழுக்களின் தேவையும் உண்டு. ஆண்டுதோறும் செயற்குழு மாறும் மாணவர் சங்கங்களில், மின்னஞ்சலின் சொல்லும் சஞ்சிகைக் கோப்புகளின் சொல்லும் பட்டம் பெற்றுச் செல்லும் செயலாளருடனேயே போய்விடுகின்றன. பழைய இதழ்கள் இருந்தும் எடுக்க முடியாத நிலை ஏற்படுகின்றது. பொதுப் பெட்டகம் ஒன்றை அமைத்து, பொறுப்புக் கையளிப்பின்போது அதன் திறவுகோலையும் பதிவேட்டிற் கையொப்பத்துடன் கையளித்தல் பொலிபியஸ் கூறிய மரப்பலகையின் ஒழுங்கை ஒத்ததே.

முடிவுரை

2022 மே மாதத்தில் அப்பிள், கூகுள், மைக்ரோசொப்ற் ஆகிய மூன்றும், கடவுச்சொல்லையே விலக்கி, கருவியில் உறையும் மறைகுறித் திறவுகோல்களைக் கையாளும் முறைக்கான ஆதரவை விரிவாக்குவதாக ஒருங்கே அறிவித்தன. நினைவின் பாரத்தை அது குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்திறவுகோல்களும் ஏதோவொரு பெட்டகத்திலேயே இருக்கும். அப்பெட்டகம் யாருடையது, அதிலிருந்து வெளியேற வழியுண்டா என்ற வினாக்கள் மறைவதில்லை, இடம் மாறுகின்றன.

கணினிக் கடவுச்சொல்லின் அறுபது ஆண்டு வரலாற்றை நோக்குமிடத்து, பூட்டுகள் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கத்தில் உடைந்தன என்பதும், பழி பெரும்பாலும் பயனாளரின் பக்கத்தில் விழுந்தது என்பதும் தெளிவாகின்றன. பெட்டகம் அப்பாரத்தைத் தூக்குவதற்கு உதவும் ஒரு நெம்புகோல். பாரம் நீதியாகப் பங்கிடப்பட்டுவிட்டது என்பதற்குச் சான்றன்று. அதனைக் கையாளப் பழகுவதுடன், பொதுச் சேவைகளை நடத்தும் நிறுவனங்கள் ஆதாரமற்ற விதிகளைக் கைவிடவும், தாம் குவித்து வைத்தவற்றுக்குத் தாமே பொறுப்பேற்கவும் வேண்டுமெனக் கோருவதும் எமது கடமையாகும். கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வைத்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் ஒரு பெட்டகத்தை ஏற்கெனவே ஆக்கிக்கொண்டவர். அதற்கு ஒரு நல்ல பூட்டுத்தான் தேவை.